கண்டக்டர் சிரித்தது

டெப்போவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். விசில் வாயில் இருக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்பார். படியில் தொங்குகிற பையன்களை அவர் திட்டியதே இல்லை. "மாப்ளே, உள்ள வா, உனக்குப் பொண்ணு பாத்து வச்சிருக்கேன்" என்பார். அவன் கூச்சத்தோடு உள்ளே வந்துவிடுவான். பஸ்ஸில் ஏறுகிற எல்லோரும் அவருக்கு ஏதாவது ஒரு முறை ஆகவேண்டும். அண்ணன், தங்கச்சி, சித்தப்பா. நெரிசலான தடத்தில் சண்டை சச்சரவு இல்லாமல் வேலை பார்த்து ஓய்வு பெற்றார் என்றால், அது அந்த வாயால்தான்.

அப்படிப்பட்டவர், மகள் படித்த வெளிநாட்டு ஊரில் ஒரு சாயங்காலம் முழுக்க மகளின் வாயை நம்பி உட்கார்ந்திருந்தார்.

மகள் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தாள். வீட்டுக்காரர் சலவை இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். வீட்டுக்காரம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தார். வாடகைக்கு ஓர் அறை என்று தொடங்கியது, போகப் போகச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி என்று ஆனது. கண்டக்டரும் மனைவியும் மகளைப் பார்க்க வந்தபோது, சாப்பிட வரச் சொல்லி அந்த அம்மாள்தான் கூப்பிட்டார்.

அவரிடம் சொல்லக் கண்டக்டர் ஒரு பேச்சை வைத்திருந்தார். மகளை அவ்வளவு தூரம் அனுப்புவதில் மனைவிக்கு இஷ்டமே இல்லை. இவர்தான் ஒற்றைக் காலில் நின்று அனுப்பினார். அனுப்பிவிட்டு, வெளியே சொல்லாமல் பயந்துகொண்டிருந்தார். அந்தப் பயம் போனது இந்த அம்மாளால் என்று நேரில் சொல்லியாக வேண்டும். விமானத்திலேயே மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஸ்டாப்பிங் வந்தா நிறுத்திடுங்க" என்றாள் மனைவி.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. முந்திய வருடம் மகளுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்திருந்தது. வீட்டில் சொன்னால் அம்மா திரும்பி வரச் சொல்வாள், படிப்பு அத்தோடு போய்விடும் என்று அவள் சொல்லவில்லை. போன் செய்யக் கூடாது என்று வீட்டுக்காரம்மாவிடமும் கெஞ்சினாள். அவர் கடைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலேயே இருந்தார். உடம்பு தேறியதும், அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் ஒரு பொய் சொன்னாள்.

அதை நம்பித்தான் அந்த அம்மாள் அன்று சாப்பாட்டின் நடுவில் கரண்டியைக் கீழே வைத்தார். புருஷன் பெண்டாட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்து நிதானமாகப் பேசினார். அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், அவள் அழுகிறாளே என்று விட்டுவிட்டேன், பெற்றவர்களுக்குத் தெரியாமல் பிள்ளையை ஆபரேஷனுக்கு அனுப்பியது இன்னும் உறுத்துகிறது, என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்டார்.

"என்ன பாப்பா சொல்றாங்க? கண்ணு கலங்குதே."

"ஒண்ணுமில்லப்பா. நான் ராத்திரியெல்லாம் முழிச்சுப் படிக்கறேனாம். உடம்பு கெட்டுடும்னு கவலைப்படறாங்க."

இதற்கா இத்தனை என்று கண்டக்டருக்கு மனசு லேசாகிவிட்டது. பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "பள்ளிக்கூடத்துல பெஞ்சு பெஞ்சாத் தூங்கினவதானே. அதையெல்லாம் சேத்து வச்சு இப்ப முழிக்கறா, விடச் சொல்லு." மனைவியும் சிரித்துவிட்டாள்.

வீட்டுக்காரம்மா அவர் முகத்தையே பார்த்தார். என்ன சொல்கிறார் என்று மகளைக் கேட்டார். பரவாயில்லை என்கிறார் என்றாள் மகள். அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு, காலியாகாத தட்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அவர் திரும்பி வந்ததும் கண்டக்டர் எழுந்து நின்று, "தங்கச்சி" என்று தொடங்கித் தன் பேச்சை முழுதாகப் பேசினார். மகளுக்கு எப்படியாவது அந்த வேளை கழிந்தால் போதும் என்றிருந்தது. அப்பா நன்றி சொல்கிறார் என்று முடித்துவிட்டாள்.

திரும்பும் வழியில் கண்டக்டர் சொன்னார்: "நான் முழு டிக்கெட் எடுத்தேன் பாப்பா. நீ பாதி வழியிலேயே எறக்கி விட்டுட்ட."

"அவங்க அதிகம் பேச மாட்டாங்கப்பா" என்றாள் அவள்.

படிப்பு முடிந்தது, கல்யாணம் ஆனது. வீட்டுக்காரம்மாவோடு இருந்த போன் பேச்சு வாழ்த்துச் செய்தியாகச் சுருங்கி, பிறகு அதுவும் நின்றது. மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்தபோது, ஏற்கெனவே ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் அம்மா நிற்கும்போதே அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மனைவி சொல்லிக் கேட்ட கண்டக்டர் கோபப்படவில்லை. குழந்தை பிறந்து வீட்டுக்கு வரும்வரை வாயைத் திறக்காமல் இருந்தார். அந்த வாய் மூடியிருந்ததே வீட்டில் எல்லோருக்கும் பயமாக இருந்தது. பிறகு ஒரு மத்தியானம் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அந்தம்மா கண் கலங்கிச் சொன்னது இதுதானா?"

அவள் தலையாட்டினாள்.

"நான் சிரிச்சேனே பாப்பா."

அவரே போனை எடுத்துக் கொடுத்து, போடச் சொன்னார்.

வீட்டுக்காரர் எடுத்தார். வீட்டுக்காரம்மா போன குளிர்காலத்தில் காலமாகிவிட்டார் என்றார். மகள் அழுதுகொண்டே அதை அப்பாவிடம் சொன்னாள். கண்டக்டர் அன்று போலவே எழுந்து நின்றார். பிறகு, "பரவாயில்ல, அவர்கிட்ட சொல்லு" என்று தன் பேச்சைத் திரும்பத் தொடங்கினார். இந்தத் தடவை அவர் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தினார். மகள் ஒன்றையும் விடாமல் சொன்னாள். தங்கச்சி என்பதற்கு அந்தப் பாஷையில் சரியான சொல் அமையாமல், கூடப் பிறந்தவள், தனக்கு இளையவள் என்று விளக்கிச் சொன்னாள்.

பிறகு வீட்டுக்காரர் மெல்லப் பேசினார். தன் மனைவி அந்தச் சிரிப்பைப் பற்றிச் சில சமயம் பேசுவாளாம். நான் செய்தது மன்னிக்க முடியாதது, அதனால்தான் சிரித்துத் தட்டிக் கழித்துவிட்டார் என்பாளாம். இதையெல்லாம் அவள் இருக்கும்போதே உன் அப்பா ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

மகள் அதையும் குறைக்காமல் அப்பாவிடம் சொன்னாள்.

"இது என்னைக் கேட்ட கேள்வி இல்ல பாப்பா" என்றார் கண்டக்டர். "நீயே சொல்லு."

அவள் மடியிலிருந்த குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். மகள் அந்தப் பாஷையில் பேசத் தொடங்கினாள். நெடுநேரம் பேசினாள். என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.