அமாவாசையில் இழைத்த கதவு

நெசவாளி வீட்டு மரவேலைக்கு நாள் பார்க்க வேண்டாம். அமாவாசைதான் நாள். மற்ற நாட்களில் தறிக்கூடத்துக்குள் நான் இழைப்பு மிஷினோடு நுழைந்தால் துரத்திவிடுவார்கள். ஒரு சிட்டிகை மரத்தூள், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலில் விழுந்தாலும் பட்டு அதைக் காட்டிக் கொடுத்துவிடுமாம். அமாவாசையன்று தறியில் உட்கார மாட்டார்கள். தறியில் ஏறியிருக்கும் பாவின் மேல் பழைய வேட்டியைப் போர்த்தி மூடிவிட்டு எனக்குப் போன் போடுவார்கள். கதவு இழுத்துப் பிடிக்கிறது, பலகை எழும்பி நிற்கிறது, மரம் சிலாம்பு விடுகிறது என்று ஒரு மாதத்துக் குறையெல்லாம் அந்த ஒரு நாளில் வந்து நிற்கும். பிள்ளையார்பாளையத்தில் மட்டும் எனக்கு அமாவாசைக்கு நாலு வீடு இருக்கும்.

வேலை கிடைக்கிறதே தவிர, அன்றைக்கு அந்தத் தெரு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மற்ற நாளில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். ஆளோடு பேச வேண்டுமென்றால் அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசிப் பழகியவர்கள் நாங்கள். அமாவாசையில் அத்தனையும் ஒரே மூச்சில் நின்றுவிடும். பகல் பத்து மணிக்கு என் செருப்புச் சத்தம் எனக்கே பின்னால் யாரோ வருவது போலக் கேட்கும். மொட்டை மாடிகளில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுக் கூப்பிடும் குரல்கள் மட்டும் மேலே இருந்து விழும். எதிர்வீட்டில் தம்ளர் கீழே வைத்தால் இங்கே காதில் விழும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை அமாவாசை. மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. ஒரு வீட்டில் தறிக்கூடத்துக் கதவு ஊதிப்போய் மாட்டிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே தறியில் உட்காருகிறவர்கள். உடல் வேறு நிறம், கரை வேறு நிறமாக வரும் கோர்வைப் புடவை அது. அவன் நடுவில் இருந்து நெய்ய, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய தனி நாடாவைக் குறுக்கே தள்ளுவாள். அறுந்த இழைக்கு அவள் முடிச்சுப் போட்டால் எங்கே போட்டாள் என்று கண்ணாடி போட்டுத் தேடினாலும் தெரியாது. அந்தத் தெருவில் மற்ற வீடுகளிலிருந்தும் முடிச்சுக்கு அவளைக் கூப்பிடுவார்கள். "அவ கைக்குக் கண்ணு இருக்குதுபா" என்று சொல்வார்கள். ஒரு கல்யாணப் புடவை பாதியில் தறியில் இருந்தது. தை பிறந்ததும் முகூர்த்தம்.

நான் போனபோது அவன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விடக் குளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"வாண்ணா. இந்தக் கதவு எங்க மாமியா மாதிரி ஆயிடுச்சு. தொறந்தா மூட மாட்டுது, மூடினா தொறக்க மாட்டுது."

"எங்கம்மாவ இழுக்காம உனுக்குப் பொழுது போவாதே" என்றாள் உள்ளேயிருந்து. "அமாவாசையும் அதுவுமா அவங்கள நெனச்சிக்கினு எள்ளத் தண்ணியில வுடப்போறே, போ. அவங்க இன்னும் உசுரோடதான் கீறாங்க."

அவன் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தான்.

கதவைக் கீலிலிருந்து கழற்றித் தறிக்கூடத்துக்குள்ளேயே இரண்டு பெஞ்சின் மேல் படுக்கப் போட்டேன். கதவு இல்லாத வாசக்கால் ஒரு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வாய் திறந்து, மூட மறந்துபோனது போல. அந்தப் பக்கம் வேட்டி போர்த்திய தறி. அதன் கீழே நெய்கிறவர் கால் விடும் குழி, உள்ளே இருட்டு. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் குழி என் முதுகுக்குத்தான் வந்தது.

எனக்கு மரவேலை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேடிக்கை பார்த்தே கற்றது. இழைப்பு மிஷினும் அப்படித்தான், போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். பார்த்துப் பழகினவனிடம் ஒரு குறை உண்டு. எதைச் செய்யவேண்டும் என்று அவனுக்குத் தெரியும், எதைச் செய்யக்கூடாது என்று யாரும் அவன் கையைத் தட்டியிருக்க மாட்டார்கள். அந்த மிஷினில் பக்கத்துப் பொத்தானைக் கட்டை விரலால் அமுக்கி, ஆள்காட்டி விரலால் சுவிட்சைப் பிடித்தால்தான் உள்ளே உருளை சுற்றும். உருளையில்தான் பிளேடு இருக்கிறது. விரலை எடுத்தால் நின்றுவிடும். நீளமான கதவு, ஈர மரம், நாலு தடவை இழுப்பதற்குள் விரல் மரத்துப்போனது.

எங்கள் ஊரில் எதற்கும் ஒரு வைத்தியம் உண்டு, கழிவுப் பட்டு நூல். பாத்திரப் பிடி ஆடுகிறதா, செருப்பு வார் அறுந்ததா, கொடிக்கயிறு போதவில்லையா, நாலு இழையைத் திரித்துக் கட்டிவிடுவார்கள். நானும் கேட்டேன்.

"ஒரு துண்டு நூல் குடும்மா. இந்தச் சுவிட்சக் கட்டிட்டா கை வலி இருக்காது."

அவள் அரக்கு நிற நூலைத் திரித்துக் கொண்டுவந்தாள். நான் சுவிட்சைப் பிடித்துக்கொள்ள, கைப்பிடியோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி அவளே முடிச்சும் போட்டாள். மிஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. "உங்க மிஷினுக்குத் தாலி கட்டியாச்சுண்ணா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நிறுத்தவேண்டுமென்றால் வெளியே வீட்டுக் கூடத்தில் இருக்கும் பிளக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

பாதி இழைத்திருப்பேன், கரண்ட் போனது. மிஷினின் சத்தம் கீழே இறங்கி, முனகி, அடங்கியது. தெருவின் அமைதி அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்தது. மிஷினைக் கதவின் மேல் வைத்தேன். ஈரச் சீவல் அதன் வாயில் பந்து பந்தாக அடைத்திருந்தது.

"டீ குடிச்சிட்டு வந்துர்றேம்மா."

"அண்ணா, இதோட வாயி நெறைய அடச்சிக்கினு இருக்குதே. நான் நோண்டி எடுத்து வெக்கட்டா? காய வெச்சா வெந்நீர் அடுப்புக்கு ஆவும்."

நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னேன்: "எடுத்துக்கோம்மா. அதான் கரண்ட் இல்லியே."

அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். இன்றைக்கும் அது என் குரலிலேயே எனக்குக் கேட்கிறது.

டீக்கடை தெருமுனையில், பத்துப் பன்னிரண்டு வீடு தள்ளி. கடைக்காரர் பழமொழிக்காரர், சொந்தமாகவும் செய்வார். "கரண்ட் எப்ப வரும்?" என்று ஒருவர் கேட்டதற்கு, டீயை ஆற்றிக்கொண்டே, "கோச்சிக்கினு போன மாப்ளையும் போன கரண்ட்டும் சொல்லிக்கினா வரும்? வரும்போது வாசல்ல நிப்பாரு, நாமதான் பாயப் போடணும்" என்றார். அதை மனசில் குறித்துக்கொண்டேன். நல்ல பேச்சு கேட்டால் நாள் முழுக்கச் சொல்லிப் பார்ப்பவன் நான். தம்ளரை வாயருகே கொண்டுபோனேன்.

தலைக்கு மேல் கடையின் விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது.

கரண்ட் வந்துவிட்டது. நூல், முடிச்சு, கூடத்தில் சொருகியபடியே இருக்கும் பிளக், மிஷின் வாய்க்குள் நோண்டும் அந்தக் கை. ஒவ்வொன்றாக வரவில்லை, சேர்ந்து வந்தன. தம்ளரை எங்கே விட்டேன் என்று தெரியாது.

மற்ற நாளாக இருந்தால் அந்தத் தூரத்துக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அமாவாசை. தெரு முழுக்கக் காதாக இருந்தது. மிஷின் சத்தம் தெளிவாக வந்தது. எதையும் கடிக்காமல் வெறுமனே சுற்றும்போது அது மெல்லியதாக, உயரமாகப் பாடும். எதையாவது கடித்தால் குரல் இறங்கிக் கரகரக்கும். பத்து வீட்டுத் தூரமும் நான் ஓடும்போது அது பாடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை குரல் இறங்கியது. எதையோ கடித்தது. மறுபடி ஏறியது. ஆள் சத்தம் எதுவும் இல்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

வீட்டுக் கூடத்தில் நுழைந்து தறிக்கூடத்து வாசக்கால் வழியாகப் பார்த்தேன். கதவின் மேல் மிஷின் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. முன்னால் போகவில்லை, பின்பக்கமாக, அதைப் பிடிப்பவன் எங்கே நிற்பானோ அந்தப் பக்கமாக, விட்டு விட்டு நகர்ந்தது. கைப்பிடியில் அரக்கு நூல். அந்தப் பிடியைக் கண்ணுக்குத் தெரியாத யாரோ பிடித்து இழைப்பது போலவே இருந்தது. கதவில் ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளம். நான் பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகும் உருளை நிற்கவில்லை. கரண்ட் இல்லாமல், ஆள் இல்லாமல், நாலைந்து மூச்சு நேரம் சுற்றியது. அது அடங்கும்வரை என்னால் வாசக்காலைத் தாண்ட முடியவில்லை.

அவள் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. மூடிய கை. முகத்தில் ரத்தமே இல்லை.

"கை காட்டும்மா."

அவள் கண் மிஷினை விட்டு வரவில்லை. இன்னொருவர் வீட்டுப் பெண், நான் எப்படிக் கையைப் பிடித்துப் பார்ப்பது? கீழே தேடினேன். சீவல்களை விலக்கி விலக்கித் தரையில் எதைத் தேடினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிவப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் முந்தானைக்குள் இருக்கும் கை திறக்கவில்லை. நான் வாசக்கால் பக்கம் நின்றுகொண்டே, "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லம்மா" என்று சொன்னேன். யாருக்குச் சொன்னேனோ.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சைக்கிள் சத்தம் கேட்டது. ஈர வேட்டியோடு அவன் வந்தான். என் முகத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கேட்காமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். முந்தானையை விலக்கி, மூடிய கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். சுண்டு விரல். மோதிர விரல். நடு விரல் வர மறுத்தது, ஊதி ஊதிப் பிரித்தான். உள்ளே கசங்கிய ஈரச் சீவல். அதை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளங்கையைத் தடவிப் பார்த்தான். ஐந்தும் இருந்தன. கீறல்கூட இல்லை.

அப்போதுதான் அவள் பேசினாள். "கடசிப் பந்த எடுத்துட்டு, எடுத்த மாதிரியே வெச்சிட்டு, கீழ வுழுந்தத பொறுக்கக் குனிஞ்சேன். தலைக்கு மேல அது எழுந்துச்சு. கைய எடுத்து ஒரு மூச்சுகூட வுடலபா."

அவன் என்னிடம் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். மெதுவாகத்தான் கேட்டான்: "கதவு சரி பண்ண வந்தியா, வாய்க்கரிசி போட வந்தியாண்ணா?"

நான் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அவள் போட்டது, அவிழவில்லை. கத்தியால் அறுத்தேன்.

மறுநாள் அவளால் தறியில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தாள், ஆனால் முடிச்சு விழவில்லை. விரல் இருந்தது, விரலுக்குள் இருந்த நிதானம் போய்விட்டது. இழையைத் தொட்டதும் கை பின்னால் வந்துவிடுகிறது என்று அவன் போனில் சொன்னான். "ஆளுங்க வந்து பாத்துக்கினு போறாங்கண்ணா. கயிறு கட்டு, மந்திரி, மொளகா சுத்திப் போடுன்னு. அவளுக்கு இன்னா பிடிச்சிக்கிச்சின்னு எனக்குத்தான தெரியும்." கல்யாணப் புடவை பாதியிலேயே நின்றது. கதவும் என் பள்ளத்தோடு பெஞ்சிலேயே கிடந்தது. எட்டு நாள் அந்த வீட்டில் தறிக்கூடத்துக்குக் கதவு இல்லை.

ஒன்பதாம் நாள் அவளே கூப்பிட்டாள். "வந்து முடிச்சிக் குடுண்ணா. அது அப்படியே கெடக்கறதுதான் பயமா கீது."

அமாவாசை இல்லை, தறியும் ஓடவில்லை. கதவை வீட்டுக் கூடத்துக்கு எடுத்துவந்தோம். அன்று தோள் துண்டைக் கழற்றி வைத்தேன். ஓரம் முழுக்க விரலால் தடவிப் பழைய ஆணி இருக்கிறதா என்று பார்த்தேன், ஒன்று இருந்தது, பிடுங்கினேன். வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டேன். பிளேடை ரொம்ப இறக்காமல் காகிதம் போலச் சீவும் அளவுக்கு வைத்தேன். பிறகு பிளக்கை அவளிடம் நீட்டினேன்.

"நீயே சொருகு. நான் கையக் காட்டினா நீயே புடுங்கு. புடுங்கினப்புறம் உன் கையிலயே வெச்சிக்கோ. அது உன் கையில இருக்கறவரைக்கும் இதுக்கு உசுரு இல்ல."

அவள் சொருகினாள். இரண்டு கையாலும் பிடித்து நான் நாலு இழுப்பு இழைத்தேன், சுவிட்சிலிருந்து விரலை எடுத்தேன், கையைக் காட்டினேன், பிடுங்கினாள். உருளை நிற்கும்வரை தூக்கியே பிடித்திருந்தேன். நின்ற பிறகு முனைக்கு ஒரு கட்டையை வைத்து, பிளேடு எதிலும் படாமல் கீழே வைத்தேன். சீவல் அடைத்தபோது அவள் பிளக்கை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் குச்சியால் நோண்டினேன். இப்படியே மத்தியானம் வரை. ஒரு மணி நேர வேலை, அரை நாள் ஆனது. பள்ளத்துக்கு ஒட்டுப் போட்டுக் கதவை மாட்டினோம். சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். சத்தமில்லாமல் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் தறியில் உட்கார்ந்தாள் என்று அவன் சொன்னான். முதல் நாள் மூன்று முடிச்சு, மறுநாள் பத்து. புடவை முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் தறியிலிருந்து இறங்கியது. அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் பிளக்கை அந்த வீட்டு ஆள் கையில் கொடுத்துவிட்டுத்தான் மிஷினைத் தொடுகிறேன். சிலர் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கைத்தறிக்கும் கரண்ட்டுக்கும் ஒரு பேச்சும் கிடையாது. பகலில் கரண்ட் போனாலும் வந்தாலும் தெருவில் தறிகள் பாட்டுக்கு ஓடும். ஆனால் நான் அந்தப் பக்கம் போகும்போது கவனித்திருக்கிறேன். போன கரண்ட் திரும்பி, வீடுகளில் விளக்கு எரிகிற அந்த நொடியில், அந்த ஒரு வீட்டில் மட்டும் தறி நின்றுவிடும். அவள் இரண்டு கையையும் பாவிலிருந்து எடுத்து மார்போடு சேர்த்துக்கொள்வாளாம். அவனும் கூடவே காத்திருப்பானாம். தெருவில் மற்ற தறிகளெல்லாம் ஓட, அந்த வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் வராது. நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அது மறுபடி தொடங்கும்வரை.