தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு

தாராவியில் எங்கள் சந்தில் என் வீட்டுக்காரரின் நோயைப் பற்றி நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அவருக்கு வலிப்பு வரும். வந்தால், நான் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்து வீட்டு இட்லிக்கார அக்கா வாசலில் நிற்பாள். ஒருவர் அவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பார், இன்னொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார், வேறு யாரோ "வேடிக்கை பாக்காதிய, போங்க போங்க" என்று மற்றவர்களை விரட்டிக்கொண்டே தான் மட்டும் வேடிக்கை பார்ப்பார். "உன் வீட்டுக்காரரு அங்க தும்முனா நான் இங்க அடுப்ப அமத்திருவேன்ட்டி" என்பாள் அக்கா. அவள் பேசுவதை அப்படியே எழுதினால் எனக்கு ஒரு புத்தகம் தேறும்.

அந்தச் சந்திலிருந்து போக வேண்டிய பேச்சு வந்தது. இடித்துக் கட்டப் போகிறார்கள், நாங்களோ வாடகைக்கு இருப்பவர்கள். எங்களுக்கு என்ன கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மகளுக்கு வேலை கிடைத்திருந்ததால் பேங்க் லோன் வரும் என்ற ஒரு தைரியம். அந்த லோனுக்குள் இரண்டு இடங்கள்தான் அடங்கின. ஒன்று, பக்கத்திலேயே சுனாபட்டியில் பழைய சால் ஒன்றில், அதாவது வரிசை வீட்டுக் கட்டடத்தில், ஒற்றை அறை. பொது நடைவழி, கதவுக்குக் கதவு இடிக்கும். இன்னொன்று, ரயிலில் வெகுதூரம் போக வேண்டிய அம்பர்நாத் பக்கம் புதுக் கட்டடத்தில் உயரத்தில் ஒரு ஃப்ளாட். எனக்குச் சுனாபட்டி. அவருக்கு ஃப்ளாட்.

"சால்ல போயி என்னத்துக்கு? அங்கயும் ஊரு கண்ணு பூரா நம்ம வீட்டுக்குள்ளதான் கிடக்கும்" என்றார்.

சரி, ஃப்ளாட்டைப் பார்த்துவிட்டாவது வருவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கரோடு போனோம். வீடு அழகாகத்தான் இருந்தது. இவர் குழாயைத் திறந்தார், தண்ணீர் வரவில்லை. வாட்ச்மேனிடம் சொல்லி வால்வைத் திறக்கச் சொல்கிறேன் என்று புரோக்கர் சாவியோடு கீழே இறங்கிப் போனார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே திரிந்தார். அவருடைய போன் வழக்கம்போல் என் பையில் இருந்தது.

எதிர்வீட்டு வாசலில் ஒரு கோலம் தெரிந்தது. நம்ம ஆட்களோ என்று ஆசையாக வெளியே வந்தேன். வரும்போதே கதவை இழுத்துச் சாத்தினேன். எங்கள் சந்தில் வீட்டில் ஆம்பிளை இருக்க, பொம்பிளை வெளியே வந்தால் அப்படித்தான். போகிற வருகிறவர் பார்வை உள்ளே விழாமல் இருக்கச் சும்மா இழுத்து விடுவோம். இங்கே 'டக்' என்றது.

தள்ளினேன். அசையவில்லை. கோலமும் கோலமில்லை, ஒட்டுகிற ஸ்டிக்கர்.

"ஏங்க" என்றேன். மணியை அழுத்தினேன், ஆளில்லாத வீட்டில் கரண்ட் ஏது? கையால் தட்டினேன், பிறகு அறைந்தேன். "ஏங்க, கதவத் திறங்க!" என் குரல் அந்த நடைவழியில் முட்டித் திரும்பி என்னிடமே வந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. குளியலறை டைல்ஸில் அவர் தலை இடிபட்டுக் கிடப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

எதிர்வீட்டு மரக்கதவு திறந்தது. கம்பிக் கதவுக்கு அப்பால் என் வயதுள்ள ஒரு மராட்டிப் பெண் நின்றாள். "க்யா ஹுவா?" என்று விசாரித்தாள்.

என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார் என்று இந்தியில் சொன்னேன். அதற்கு அடுத்த வார்த்தைதான் வரவில்லை. அந்த நோயின் பெயரை வெளியாளிடம் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட கட்டளை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்திருப்பாள். "வாட்ச்மேனைக் கூப்பிடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லிஃப்ட் திறந்து புரோக்கர் வருவதற்குள் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கதவைத் திறந்ததும் விழுந்தடித்து உள்ளே ஓடினேன்.

கண்ணாடிக் கதவை இழுத்து மூடிவிட்டு என் வீட்டுக்காரர் பால்கனியில் நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏட்டி, ஒரு சத்தம் கேக்கா பாரு! ஒண்ணுமே கேக்கல!"

திரும்பும் ரயிலில் நான் அவர் சட்டைக் கையைப் பிடித்த பிடியை விடாததைப் பார்த்துத்தான் என்னவென்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "நமக்கு சுனாபட்டி போதும்ங்க. அங்கன்னா கத்துனா ஆளு வரும்."

அவர் மெதுவாகச் சொன்னார்: "விழுந்து முழிக்கையில உன் முகத்தப் பாக்கணும்னு இருக்குட்டி. நான் பாக்கது ஊரு முகம். எல்லாருக்கும் பாவம் நான். வொர்க்ஷாப்புலயும் மொதலாளி என்னைய தோலு வெட்டுத மிஷின்ல இருந்து எடுத்து பசை தடவ விட்டுட்டான். நான் விழுந்து பாக்காத ஆளுவ இருக்க இடத்துல ஒரு நாளு இருந்து பாக்கேன்."

"அங்க நான் கத்துனா யாரு வருவா?"

"சொல்லி வச்சா வருவாவ."

"யாரு சொல்லுவா? அந்தப் பேர வாயில எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?"

தாணே ஸ்டேஷன் போனது. குர்லா வரும்போது, "நானே சொல்லுதேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடி ஃப்ளாட்டுக்குப் போனோம். அட்வான்ஸ் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாமலே போனோம். நேராக எதிர்வீட்டு மணியை அவரே அழுத்தினார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார், பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி. அந்தப் பெண் வந்ததும் தனக்குத் தெரிந்த இந்தியில், "அண்ணி, எனக்கு வலிப்பு வரும். இவ தட்டினா நீங்க வரணும். வருவேன்னு சொன்னாத்தான் இந்த வீட்டை வாங்குவோம்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா வந்திருப்பேனே!" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மதியம் நான் தூங்குவேன். காது கொஞ்சம் மந்தம் வேற. எங்கே, தட்டிக் காட்டுங்க" என்று உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டாள்.

தட்டினேன். "கேக்கல" என்று உள்ளிருந்து குரல் வந்தது. இன்னும் பலமாகத் தட்டினேன். "ம்ஹும்." பயமும் கோபமுமாக இரண்டு கையாலும் அறைந்தேன். அந்த மாடியில் இருந்த மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. தெரியாத முகங்கள் எட்டிப் பார்த்தன.

என் வீட்டுக்காரர் அவர்கள் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.