கையில் எடுத்த செருப்பு

வேலையாகப் போன ஊரில் ஒரு மதியம் மிச்சமிருந்தது. ஓவியக்கூடமாக மாற்றப்பட்ட பழைய அரண்மனைக்குத் தனியாகப் போனேன். ராஜாவின் படுக்கையறையில், ஓவியங்கள் வெளுத்துவிடக் கூடாதென்று ஜன்னல்களுக்கு நீலத் திரை போட்டிருந்தார்கள். அந்த நீல இருட்டில் ஒரு பெரிய கட்டில். என்னை அறியாமலே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தேன்.

கவரைப்பேட்டையில் எங்கள் வீடு ஒரே அறைதான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இரும்பு ஆலையில் எப்போதும் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து நாஷ்டா முடித்துப் படுத்தால், அம்மா தன் நீலப் புடவையை ஜன்னலில் கட்டிவிடுவாள். டிவி ஓடும், சத்தம் இருக்காது. செருப்பை வெளியே விட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் நான் பள்ளிவிட்டு வரும்போதே அம்மா வாசலில் நின்று கிசுகிசுப்பாள்.

"நைனா தூங்கினுகீறாரு. செருப்ப கையில எடுத்துக்கினு வா."

நான் ட்யூஷன் முடிந்து திரும்புவதற்குள் அவர் வேலைக்குக் கிளம்பியிருப்பார். கண் மூடிய முகம்தான் எனக்கு அதிகம் பழக்கம்.

ஒருநாள், அவரை வரைந்த படத்தைக் காட்டலாமென்று பாயருகே போனேன். கையிலிருந்த செருப்பு நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. அவர் கண் திறக்காமலே கேட்டார்.

"யாரு?"

"யாரும் இல்ல. நீ தூங்குய்யா" என்றாள் அம்மா.

படத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு காட்டவே இல்லை.

அரண்மனையை மூடும் நேரம் வந்திருக்க வேண்டும். வெளியே சாவிக்கொத்து குலுங்கியது. காவலர் குரல் கொடுத்தார்.

"உள்ள யாரு?"

"யாரும் இல்ல" என்றேன்.