ஒரு முழ ஒயரும் மாதம்மா அக்காவின் அனுமதியும்

போனில் இருக்கும் படத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக ஒரு முழ ஒயர் போதும் என்று சொல்கிறவர்கள், ஒருநாளாவது எங்கள் கடை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒயரை இப்படியும் அப்படியும் திருப்பிச் செருகி, பிடுங்கி, ஊதி, மறுபடி செருகிப் பழகிய உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கடை மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. ஜெராக்ஸ், பிரிண்ட், பிளெக்ஸ் டிசைன். நான் எம்.ஏ. சமூகவியல் கடைசி வருடம். வகுப்பு இல்லாத நாட்களில் இங்கே வேலை. தக்காளி மண்டியில் காய் தரம் பிரிக்கும் பன்னிரண்டு பெண்களிடம் பேசி, என் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். அதைக் கேட்டு டைப் செய்ய வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, கடையில் உண்டு. அந்தப் பன்னிரண்டு பதிவுகள்தான் என் ஆய்வேடு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் நான் மறந்துவிட்டேன்.

டார்ச் லைட்டோடு வந்த ஒயர்

காற்றில் சாய்ந்த வாழைகளைப் படம் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். நிவாரண மனுவோடு இணைக்க வேண்டுமாம். ஒயரும் அவரே கொண்டுவந்திருந்தார், டார்ச் லைட் வாங்கியபோது கூடவே கொடுத்தது. செருகினால் சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டரில் போன் தெரியவே இல்லை. "இது சார்ஜ் ஏத்தற ஒயருங்க, படம் இதுல வராது" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஒயருக்குள் எத்தனை கம்பி இருக்கிறது, எது எதற்கு என்று தாளில் படம் வரைந்தே விளக்கினேன். கடையில் இருந்த வேறு ஒயரைப் போட்டதும் வாழையெல்லாம் வந்து இறங்கின. பிரிண்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தவர், என் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆளை அடிச்சுப் போடற கரண்டே இந்த ஒயர்ல போவுது. சாஞ்சு கெடக்கற வாழை போவாதுன்னா, நீ படிச்சதுல எங்கியோ தப்பிருக்குது பாப்பா."

பேடா

மாதம்மா அக்கா நான் பேட்டி எடுத்த பன்னிரண்டு பேரில் ஒருவர். மற்ற பதினோரு பேரையும் அழைத்து வந்து, அவர்கள் பேசி முடிக்கும்வரை பையும் கையுமாகக் கூடவே உட்கார்ந்திருந்ததும் அவர்தான். ஆனால் என்னை நம்பியவர் இல்லை. நான் பதிவை ஆரம்பித்ததுமே தன் போனையும் பதிவில் போட்டு என் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். சொல்லாததைச் சொன்னதாக நான் எழுதிவிட்டால் என்ன செய்வதாம். ஆய்வு நெறி, ரகசியம் காத்தல் என்று கால் மணி நேரம் வாதாடினேன். இரண்டு போனும் ஓடின.

அவர் ஒருநாள் பேத்தியின் காதுகுத்துப் படங்களை பென்டிரைவில் ஏற்றக் கடைக்கு வந்தார். ஒயரைச் செருகியதும் போன் கேட்டது: தரவைப் பார்க்க அனுமதிக்கலாமா? அக்கா 'வேண்டாம்' என்பதைத் தொட்டார். மறுபடி செருகினேன். மறுபடி வேண்டாம். "அக்கா, அனுமதி குடுத்தாத்தான் படம் வரும்" என்றேன். "பேடா" என்றார். கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம், வீட்டில் அதைத்தான் பேசுவார். தமிழில் எல்லாம் பேசிவிட்டு, மறுப்பதற்கு மட்டும் அந்த மொழிக்குப் போவார். நான் தனிமனிதத் தரவுரிமை வரைக்கும் போய், அவர் பக்கமும் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொண்டு, பிறகு என் பக்கத்தை எடுத்துச் சொன்னேன். அக்கா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்: "எவ்ளோ நல்லா பேசறாங்களோ அவ்ளோ உஷாரா இருக்கணும்னு எம் பையன் சொல்லிருக்கறான். நீ ரொம்ப நல்லா பேசற பாப்பா."

தாய்மாமன் முகம்

காதுகுத்து பிளெக்ஸில் தாய்மாமன் படம் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விசேஷமே கெட்டுவிடும். ஒருவர் தன் மச்சான் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினார். அது ஐந்து குடும்பக் குழுக்களைச் சுற்றி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தேய்ந்து வந்திருந்தது. பத்தடிக்குப் பெரிதாக்கினால் மீசை எது, நிழல் எது என்று தெரியவில்லை. "மச்சான் போனையே கொண்டாங்க, ஒயர்ல எடுத்துக்கலாம்" என்றேன். மச்சான் நல்லம்பள்ளியில் இருக்கிறார், அதற்காகப் போக முடியாது என்றார். இதை அச்சடிப்பது உங்கள் மச்சானுக்குச் செய்யும் அவமரியாதை என்று நான் சொல்ல, கடைக்கார அண்ணன் குறுக்கே வந்து அச்சடித்துக் கொடுத்துவிட்டார்.

விசேஷம் முடிந்து அவர் மறுபடி வந்தார். வரட்டும், இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் ஸ்வீட் பாக்கெட்டை நீட்டினார்: "மச்சானுக்கு ஒரே சந்தோசங்க. பத்து வயசு கொறைச்சுக் காட்டிருக்குது, அந்தப் புள்ளைக்கு நல்ல கைன்னாருங்க."

போர்டு

அன்றைக்கே போர்டு எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒன்று: டேட்டா கேபிள் கொண்டு வரவும். இரண்டு: போன் அனுமதி கேட்டால் கொடுக்கவும். மூன்று: கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும் செய்யுங்கள். கட் செய்தால் போனில் மிஞ்சாது என்பதால் மூன்றாவதைச் சிவப்பில் எழுதினேன்.

அடுத்த வாரம் என் போன் நிரம்பிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டு வரைவைக் கொடுக்க வேண்டும். எந்த வரியை எந்தப் பதிவிலிருந்து எடுத்தேன் என்று வழிகாட்டிப் பேராசிரியர் கேட்பார், போட்டும் காட்ட வேண்டும். பதிவுகள் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும், போனிலும் இடம் காலியாக வேண்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று பன்னிரண்டையும் கட் செய்து ஒட்டினேன். பச்சைக் கோடு முனையைத் தொட்டது, கரண்டு போனது. யு.பி.எஸ். ஒருமுறை கத்திவிட்டுப் படுத்துக்கொண்டது. கரண்டு வந்து பார்த்தால் போனில் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன, ஒவ்வொன்றின் அளவும் பூஜ்யம். ஏதேதோ செயலிகளைப் போட்டுத் தேடினேன். பழைய ரிங்டோன் இரண்டு மீண்டு வந்தன. மறுபடி பேட்டி எடுக்கவும் வழியில்லை, சீசன் முடிந்து பாதிப் பேர் ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் பேச்சற்று உட்கார்ந்திருப்பதைக் கடைக்கார அண்ணன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அந்த செவப்பு எழுத்து கஸ்டமருக்கு மட்டுந்தானா?"

அனுமதி

வியாழக்கிழமைதான் ஞாபகம் வந்தது, மாதம்மா அக்காவின் போனும் ஓடியது. பன்னிரண்டில் ஒன்றாவது மிஞ்சட்டும் என்று அவர் வீட்டுக்கு ஓடி, கையோடு கடைக்கு அழைத்து வந்தேன். நடந்ததைச் சொன்னேன், இந்த முறை வாதம் எதுவும் இல்லாமல்.

"எம் பேச்சு மட்டும் போதுமா, எல்லார்துமா?" என்றார்.

"எல்லார்தும் இருக்குதாக்கா?"

"அவங்களக் கூட்டிக்கினு வந்தது நானு. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னையத்தான கேப்பாங்க. அவங்க பேசறப்பவும் எம் பைக்குள்ள போனு ஓடிக்கினுதான் இருந்துச்சு. பன்னண்டும் கெடக்குது."

ஒயரைச் செருகினேன். போன் கேட்டது: அனுமதிக்கலாமா? அக்காவின் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிவரை படித்து முடித்துவிட்டு விரலை வைத்தார்: "குடுத்துட்டேன். காப்பி மட்டும் எடு பாப்பா. போர்டு எழுதுன புள்ளைக்கு நானா சொல்லணும்?"

பன்னிரண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. என் ஆய்வேட்டின் நன்றியுரையில் வழிகாட்டிப் பேராசிரியருக்கும் முன்னால், என்னை ஒருமுறைகூட நம்பாத ஒருவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.