பெட்டி ஒழுகக் கூடாது

சமையலறைத் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. வெல்டிங் பகுதியிலிருந்து வரும் ஸ்டீல் தொட்டிகளைத் துடைத்து அட்டைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். துடைக்கத் துடைக்க அந்த மூலைகளின்மேல் ஆசை வந்துவிட்டது. இரண்டு தகடுகள் சேருமிடத்தில் மீன் செதில்போல அடுக்கடுக்காக ஒரு கோடு! அதை நானே போட்டால் என்ன என்று அவள் கேட்டபோது பேக்கிங் பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வெல்டிங் சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

“அடுத்த மாசம் ஒருத்தர் ரிட்டயர் ஆகறாரு. அதுக்குள்ள ஸ்டீல்ல சின்னப் பெட்டி ஒண்ணு நீங்களே வெல்டு பண்ணிக் கொண்டு வாங்க. தண்ணி ஊத்திப் பாப்பேன். ஒழுகலைன்னா அந்த இடம் உங்களுக்கு. ஒரு சொட்டு ஒழுகினாலும் பேக்கிங்தான்.”

வாடகை வீட்டில் கார் ஷெட் உண்டு, கார்தான் கிடையாது. அங்கே ஒரு பழைய டிக் வெல்டிங் மெஷினும் ஆர்கான் கேஸ் சிலிண்டரும் குடியேறின. ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி, காலடியில் பெடல். மூன்றும் ஒத்துப்போனால்தான் வேலை நடக்கும். முதல் வாரம் டார்ச்சின் முனை தகட்டில் போய்ப் போய் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் அதைச் சாணை பிடித்துக் கூராக்க வேண்டும். வெல்டிங் பழகினாளோ இல்லையோ, சாணை பிடிப்பதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள்.

அடுத்த வாரம் கை படிந்தது. கோடு மட்டும் கறுத்துப்போய் ஊசித் துளைகளோடு வந்தது. கேஸ் போதவில்லை என்று நினைத்துத் திருகைக் கூட்டினாள். சிலிண்டர்தான் மடமடவென்று காலியானது.

நெருப்பு வேலையைத் தனியாகச் செய்யக் கூடாதென்று புருஷன் எப்போதும் கூடவே இருப்பார். அவருக்கு முடிதிருத்தும் கடை. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவது அவர் கைக்கு ஊறிய பழக்கம். தோல் சட்டையும் முகமூடியுமாக மனைவி உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா? அவளும், “இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பெட்டியைக் காட்டியாக வேண்டும் என்ற ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் அலைமோதும் நாளென்றும் பாராமல் அவர் கடையை மூடினார். அவள் ஸ்டூலில் உட்காரும்போதே ஒரு வாடிக்கையாளர் போனில் சண்டைக்கு வந்துவிட, சமாதானம் சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனார். அவள் பற்றவைத்தாள். ஒரு விரல் நீளத்துக்குக் கோடு பளபளவென்று வந்தது. திரும்பி வந்தவர் ஃபேனைப் போட்டார். அடுத்த அரை விரல் கரிக்கட்டை.

அவள் முகமூடியைத் தூக்கினாள். உருகிய ஸ்டீலைக் காற்றுப் படாமல் மூடத்தான் கேஸே. அதை ஃபேன் ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது.

“என்னங்க, ஃபேனை அணைங்க. கேஸையெல்லாம் அதுதான் அடிச்சுட்டுப் போகுது.”

அவர் முகம் தொங்கிவிட்டது. “அப்போ இவ்வளவு நாளா உன்னைக் கெடுத்தது நானா?”

“கேட்டு வாங்கினது நான்தானே! சோகத்தை அப்புறம் வச்சுக்கலாம். சிலிண்டர் மீட்டர்ல முள்ளு அடியில கிடக்குது, பாருங்க.”

கேஸ் கடை திறக்க மறுநாளாகும். கரிந்த இடத்தைத் தேய்த்தெடுத்து, திருகைக் குறைத்து, வியர்வை கண்ணில் இறங்க இறங்க நான்கு மூலைகளையும் முடித்தாள். கடைசி மூலை முடியவும் முள் பூஜ்யத்தில் படுக்கவும் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் செய்தித்தாளை விரித்து, பெட்டியை வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். சாவகாசமாக வந்து பெட்டியைத் தூக்கி, தாளை உள்ளங்கையால் தடவினார்.

“நாளைக்குக் காலைல இந்தப் பக்கம் வந்துடுங்க.”

அவள் கழிவறைப் பக்கம் ஓடிப்போய்ப் புருஷனுக்குப் போன் போட்டாள். “கெடச்சிருச்சுங்க!” என்று மூச்சு வாங்கச் சொன்னாள். “ஹலோ, ஹலோ” என்று அவள் நாலைந்து தரம் கத்திய பிறகு வேறு யாரோ போனை வாங்கினார்.

“யாரும்மா அது? அப்படி என்னதான் சொன்னீங்க? என் மீசைல பாதியை எடுத்துட்டு, இந்த மனுஷன் கத்திரிக்கோலோட நின்னு தேம்பித் தேம்பி அழுறாரு!”