இன்ஜின் வகுப்புக்கு வந்த ஆராய்ச்சி அம்மா

அவர் எங்கள் பட்டறை வாசலில் நின்று ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை. ஆயில் இன்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கூரைத் தகடுகள் அதிர்ந்தன. நீலக் கரைச் சேலை, தோளில் துணிப்பை, செம்மண் படிந்த செருப்பு. நான் இன்ஜினை நிறுத்தச் சைகை காட்டினேன். சத்தம் அடங்கியதும் அவர் மறுபடியும் கேட்டார்: "இந்த இன்ஜின் இப்ப எந்தக் கிணத்துல ஓடுது சார்?" கைத்துணியில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டேன். மின்சாரக் கம்பங்கள் எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கிணற்று மேட்டில் புகை கக்கிக்கொண்டிருந்த இன்ஜின்களைப் பெரும்பாலான விவசாயிகள் விற்றுவிட்டு மின்சார மோட்டார் வாங்கிவிட்டார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. அரியலூரும் பெரம்பலூரும் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தன. இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட சாலையோரத்தில் இருந்த ஒரு சிறிய தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் ஆயில் இன்ஜின் பிரிவின் பயிற்றுநர். அந்த வருஷம் என் வகுப்பில் பாதி இடம் காலி. படித்து முடித்த பையன்கள் வயல் வேலைக்கும் மூட்டை தூக்கவும் போனார்கள். சென்னையிலிருந்து தொழிற்கல்வி ஆராய்ச்சிக்காக ஒரு அம்மா வருகிறார், பிரிவை மூடலாமா என்று பார்க்கத்தான் வருகிறார் என்று நிலைய முதல்வர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பிரிவை மூடினால் என் வேலையும் போகும். நான் நிரந்தரப் பணியாளன் இல்லை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மனைவிக்கு விஷயத்தைச் சொல்லாமல் சில வாரங்கள் சோற்றைப் பிசைந்து பிசைந்து எழுந்தேன். அவளாகவே ஒருநாள், "என்னன்னு சொல்லித் தொலைங்க, ரெண்டு பேரா பயப்படலாம்" என்றாள்.

என் பழைய மாணவர்களை அவர்கள் ஊரிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்றார் ஆராய்ச்சி அம்மா. எங்கள் பையன்கள் வைத்த பேர் அது. கடைசிவரை எனக்கும் அவர் அப்படித்தான். வழிகாட்டியாக என்னையே முதல்வர் அனுப்பினார். என் பிரிவுக்குக் குழி வெட்டுகிறவருக்கு நானே மண்வெட்டி தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது. ஆனால் கூடப் பயணம் செய்ய அவர் நல்ல துணை. பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார், புழுதிக்கு முகம் சுளிக்க மாட்டார், கொடுத்ததைச் சாப்பிடுவார்.

முதலில் போனது விக்கிரமங்கலத்துக்கு. தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை பார்த்த குடும்பத்திலிருந்து வந்து என்னிடம் படித்த பையன் அங்கே இருந்தான். வகுப்பிலேயே கையில் சூட்டிகை உள்ளவன். அவன் அம்மா எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வாங்க என்று சொன்ன அதே மூச்சில் ஆரம்பித்தார். "ரெண்டு வருஷம் உங்ககிட்ட அனுப்புனேனே சார், எதுக்கு? எம்புள்ள இப்ப அறுப்புக்குத்தான் போறான். படிக்காதவனும் போறான், படிச்சவனும் போறான். வூட்டுக்கு வர்றவங்க எல்லாம் வேலை கெடைச்சுதான்னு கேக்குறாங்க. நான் என்ன பதிலுங்க சொல்றது?" ஆராய்ச்சி அம்மா குறுக்கே பேசவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க கேக்கறது நியாயம்மா" என்றார், அவ்வளவுதான். பிறகு பையனிடம் திரும்பினார்.

வேலை கிடைத்ததா, சம்பளம் எவ்வளவு என்றுதான் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "தம்பி, நேத்து காலையிலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "நேத்து பண்ணக்காரர் கெணத்துல மோட்டார மேல தூக்குனோம்ங்க. கரண்டு கொறைச்சலா வந்து, உள்ள கம்பி சுத்தியிருக்கற காயில் எரிஞ்சு போச்சு. சாக்குல கட்டி பஸ்ஸு மேல ஏத்திவுட்டேன். திருச்சியிலதான் காயில் கட்டுவாங்க."

"திரும்பி வர எத்தனை நாளாகும்?"

"ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும். அதுவரைக்கும் கடலைப் பயிரு காயும்ங்க."

"நீங்களே கட்ட முடியாதா?"

அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "எங்களுக்கு இன்ஜின்தானுங்க சொல்லிக் குடுத்தாங்க" என்றான். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அதனாலேயே எனக்குச் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு செந்துறை, திருமழபாடி என்று ஊர் ஊராகப் போனோம். எல்லோரிடமும் அதே கேள்வி. பதில்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. யாருக்கும் வேலை இல்லை என்று சொல்ல முடியாது. கற்ற வேலைதான் இல்லை. ஆனால் எரிந்த மோட்டாரைத் தூக்குவது, இறக்குவது, கூடவே போய் வருவது என்று எல்லோர் நாளிலும் ஒரு மோட்டார் வந்துகொண்டே இருந்தது. செந்துறை பஸ் நிறுத்தத்தில் ஒரு விவசாயி கண்டக்டரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மேலே ஏற்கெனவே இரண்டு மோட்டார் இருக்கிறது, இனி ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர். பயிர் வாடுது, நீ வந்து தண்ணி ஊத்துவியா என்று விவசாயி. ஆராய்ச்சி அம்மா ஏணியில் ஏறாத குறையாக அண்ணாந்து அந்தச் சாக்கு மூட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. தினம் தினம் நாங்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான் அது. ஊரில் இருக்கும் வேலையெல்லாம் பஸ் ஏறித் திருச்சிக்குப் போகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை வேலைகளும் பெருகிக்கொண்டிருந்தன. அங்கேயும் போய் விசாரித்தார். அவர்களுக்கும் மோட்டார் தெரிந்த ஆள்தான் தேவைப்பட்டது. வெளியூரிலிருந்து கூட்டி வந்துகொண்டிருந்தார்கள்.

முதல்வர் அறையில் அவர் தம் முடிவைச் சொன்னபோது நானும் இருந்தேன். ஆயில் இன்ஜின் பிரிவு தொடர வேண்டியதில்லை என்று ஆரம்பித்தார். அதே இடத்தில், அதே மாணவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, மோட்டார் பழுதுபார்ப்பும் காயில் கட்டுவதும் சொல்லித்தர வேண்டும் என்று முடித்தார். முதல்வர் நல்ல மனிதர், ஆனால் ஒழுங்கு பார்ப்பவர். "அப்படின்னா புது வாத்தியார் போடணுமேம்மா. இவர் இன்ஜின்காரர்" என்றார். ஆராய்ச்சி அம்மா யோசிக்கவே இல்லை. "பையன்கள் திரும்பப் படிக்கலாம்னா வாத்தியாரும் படிக்கலாம் சார். இவரை அனுப்புங்க. எல்லா ஊருக்கும் கூட வந்து, விக்கிரமங்கலத்துல ஒரு பையனோட அம்மா திட்டினதையெல்லாம் வாங்கிக்கிட்டவர் இவர்தான். புதுசா வர்றவருக்கு அது தெரியாது."

உத்தரவு வர மழைக்காலம் ஒன்று கடந்தது. நாற்பது வயதைத் தாண்டிய நான் சென்னைக்குப் போய், மீசை முளைக்காத பையன்களுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி விரல் நுனிகள் புண்ணாயின. நான் கட்டிய முதல் மோட்டார் சுவிட்சைப் போட்டதும் புகைந்து நாறியது. பக்கத்துப் பையன் ஜன்னலைத் திறந்துவிட்டு, "விடுங்க அண்ணே, என்னுது ரெண்டு தடவ எரிஞ்சுது" என்றான். அன்றைக்கு அந்த வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதல். அடுத்தது ஓடியது. அது போட்ட மெல்லிய ரீங்காரத்தைக் கேட்டு, இன்ஜின் சத்தத்திலேயே வளர்ந்த என் காதுகள் முதலில் நம்பவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். சூடாகவில்லை. சீரான அதிர்வு மட்டும் இருந்தது.

திரும்பி வந்து முதல் வகுப்பு எடுத்தேன். விக்கிரமங்கலத்துப் பையன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். பின்னாளில் அவன் ஜெயங்கொண்டம் சாலையில் சொந்தப் பட்டறை போட்டான். அவனோடு படித்த சிலரை சிமெண்ட் ஆலை எடுத்துக்கொண்டது. எல்லோரும் கரையேறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவன் குடித்துச் சீரழிந்தான், ஒருவன் பம்பாய் போய்த் தகவலே இல்லை. ஆனாலும் எங்கள் வகுப்பில் இடம் கேட்டு ஆட்கள் வாசலில் நிற்கும் காலம் வந்தது.

இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சி அம்மா வகுப்பைப் பார்க்க வந்தார். பெரம்பலூர் பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, முதல்முறை வந்த அன்று எவ்வளவு பயந்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நானும் பயந்துகிட்டுதான் வந்தேன் சார்" என்றார். அதற்கு முன் வேறொரு ஊரில் நெசவுப் பிரிவு ஒன்றை ஆராய்ந்தாராம். படித்தவர்களுக்கு வேலை இல்லை என்று எழுதினார். எழுதியது உண்மைதான். பிரிவை மூடினார்கள், வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். "இல்லாதத மட்டும் கேட்டேன். என்ன இருக்குன்னு கேக்கவே இல்ல. ரொம்ப நாள் தூக்கமில்ல. அப்புறம்தான் கேள்விய மாத்தினேன்."

"அந்த வாத்தியார் என்ன ஆனாரும்மா?"

"போன மாசம் தேடிப் போனேன். திட்டுவார்னுதான் போனேன். துணிக்கடை வச்சிருக்கார். உள்ள கூப்பிட்டு உட்கார வச்சு, பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை குடுத்தார்." அவர் குரல் லேசாக உடைந்து, உடனே சிரிப்பாக மாறியது. "பத்திரிகை சார்! நான் போகப்போறேன்."

பஸ் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார். ஜன்னலோர இடம் கிடைத்தது. வண்டி திரும்பி மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, பிற்பகல் வகுப்புக்கு வேகமாக நடந்தேன்.