போர்டில் ஒட்ட ஒரு சொல்

தாராவியில் எங்கள் கட்டடத்தில் தமிழைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். இது பெருமை இல்லை, வம்பு. வண்டி நம்பர், கடைப் பெயர், 'செருப்பை வெளியே விடவும்' எல்லாம் ஸ்டிக்கராக வெட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். சொசைட்டி செக்ரட்டரி திருநெல்வேலிப் பக்கத்து மனுஷன். ஒருநாள் காலையில் கடைக்கு வந்து ஒரு ஹிந்தி வாசகத்தை நீட்டினார். 'குஸ்பைட்டியா'க்களுக்கு ரூம் வாடகைக்கு விடக் கூடாது, விட்டால் ஓனர்தான் பொறுப்பு. போலீஸ் ரூம் ரூமாக ஏறிக் காகிதம் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

"ஹிந்தி, மராட்டி ரெடி. தமிழ்ல நீரு வெட்டும். சுருக்குன்னு இருக்கணும் வே. சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுதேன்."

அங்கேதான் மாட்டினேன். அந்த ஹிந்திச் சொல்லுக்கு நேர்த் தமிழாக 'ஊடுருவியவர்' என்றால் வாயில் கத்தியைக் கடித்துக்கொண்டு முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்து வந்த ஆள் மாதிரி இருக்கிறது. செக்ரட்டரி மனதில் வைத்திருந்ததோ மூன்றாவது மாடியில் ஜரிகை வேலை செய்யும் இரண்டு வங்காளிகளை. பாவம், லிஃப்டுக்கு வரிசையில் நின்று ஊடுருவுகிறவர்கள். மேற்கு வங்காளம் என்று சொல்லிக்கொண்டார்கள், யாரும் நம்பவில்லை. 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' போர்டில் அடங்காது. 'ஆவணமற்றவர்' மரியாதையாக இருந்தது. ஆனால் எழுதிப் பார்த்ததும், என் ஆவணமெல்லாம் எங்கே என்று தோன்றிவிட்டது.

கடையைப் பாதி ஷட்டர் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி பீரோவைக் கவிழ்த்தேன். ஆதார், ரேஷன் கார்டு, பள்ளி சர்ட்டிபிகேட் ஒவ்வொன்றிலும் என் பெயர் ஒவ்வொரு மாதிரி. இதே தாராவியில் பிறந்து, தலை நரைத்து, சொந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து நான் யார் என்று எனக்கே நிரூபித்துக்கொண்டிருந்தேன். அப்பா காலத்தில் எங்களை 'லுங்கிவாலா' என்று விரட்டினார்களாம். அது தேவலை. ஒரு பேன்ட் தைத்துப் போட்டால் தீர்ந்தது.

கடைசியில் 'கள்ளக்குடியேறி' என்று சிவப்பில் வெட்டிவிட்டேன். போர்டிலும் அடங்கும், கேட்ட சுருக்கும் இருக்கிறது.

மதியம் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். டிபனை வைக்க இடம் தேடியவள் அந்த எழுத்துகளைப் பார்த்தாள்.

"கள்ளச்சாராயம், கள்ளநோட்டு, அடுத்தது என் தம்பியா?"

அவள் தம்பி வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். சம்பளம் தராத கான்ட்ராக்டரை விட்டு ஓடி, விசாவும் முடிந்து, வருஷக்கணக்காக ஒளிந்து ஒளிந்து வேலை செய்துகொண்டிருந்தான். அங்கே நம்மாட்கள் இப்படிப்பட்டவனைக் 'கல்லிவல்லி' என்பார்கள். 'விட்டுத்தள்ளு' என்கிற மாதிரி ஓர் அரபுப் பேச்சு. எங்கள் வீட்டில் அது ஏறக்குறைய அவனுடைய செல்லப்பெயர். மூன்றாவது மாடிக்கு மட்டும் நான் வேறு அகராதி வைத்திருந்தேன்.

அந்த நாட்டில் அப்போது பொதுமன்னிப்பு அறிவித்திருந்தார்கள். கவுண்டரில் போய் நின்றால் அபராதம் இல்லாமல் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மன்னிக்கக் கூப்பிட்டு உள்ளே போட்டுவிட்டால் என்ன செய்வது என்று இவன் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, அன்றைக்குக் கடைசி நாள். சாயங்காலம்வரை மனைவி கடையை விட்டு நகரவில்லை. ஒருவழியாகப் போன் வந்தது.

"அத்தான், வரிசையில நிக்கேன். பேசிக்கிட்டே இருங்க. நிறுத்துனீங்கன்னா ஓடிருவேன்."

என்னத்தைப் பேச? ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வாய்க்கு வந்ததை உளறினேன். மழை, லிஃப்ட் ரிப்பேர், செம்பூர் வண்டியில் என் குடையை அடித்தவன் கதை.

"ஏல, ஓடிக்கீடிப் போயிராத. உங்க அக்கா என்னைக் கொன்னே போடுவா."

"ஓட முடியாது அத்தான். முன்னால நிக்கிற பங்களாதேஷ்காரன் என் சட்டையப் புடிச்சிருக்கான். அவனுக்கு என்னைய விடப் பயம்."

திரும்பினால் வாசலில் செக்ரட்டரி. ஸ்டிக்கர் வாங்க வந்தவர் அத்தனையும் கேட்டுவிட்டார்.

"ராங் நம்பர்" என்றேன்.

அத்தான் அத்தான் என்று உருகும் ராங் நம்பர்! மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். செக்ரட்டரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனைக் கையில் வாங்கினார்.

"ஏல, நான் உங்க அத்தான் பில்டிங் செக்ரட்டரி பேசுதேன். காலை ஊனி நில்லு. கவுண்டர்ல சார் சார்னு பேசு, தெரிஞ்சா?"

கவுண்டர் வந்ததும் போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். வெட்டிய ஸ்டிக்கர் மேஜைமேலேயே கிடந்தது. செக்ரட்டரிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். சிவப்பு எழுத்துகளை மெதுவாகக் கூட்டி முடித்தார்.

"இது வேண்டாம் வே. 'வாடகைக்கு விடும் முன் ஆபீஸில் சொல்லவும்'னு வெட்டும், போதும்."

"அப்போ ஹிந்தி?"

"அது மேல இருந்து வந்தது. நாம கை வைக்க முடியாது."

போன் மறுபடி அடித்தது. ஸ்டாம்ப் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். "வெறுங்கையோட வாடா, அது போதும்" என்று மனைவி அழுதாள். "வெறுங்கையாவா? தலைவலித் தைலம் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வரச் சொல்லும்மா" என்றார் செக்ரட்டரி.

மறுநாள் போர்டு மாட்டியாகிவிட்டது. ஜரிகைக்காரர்களுக்கு ஹிந்தி வாசிக்கத் தெரியும். அன்றிலிருந்து அவர்கள் லிஃப்டுக்கு நிற்பதில்லை, படியேறிப் போகிறார்கள். படியில் எதிரே வந்தால் நான் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

மச்சினன் வந்து இறங்கினான். பாதியாய் மெலிந்திருந்தான். வளைகுடாவில் ஹிந்தி நன்றாகப் பேசக் கற்றிருந்தான், வாசிக்கத்தான் தெரியாது. நான் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தும், போர்டு முன்னால் நின்றுவிட்டான்.

"புது போர்டா? தமிழ்ல ஒரு வரிதான் இருக்கு, ஹிந்தியில இவ்வளவு பெருசா என்ன அத்தான் எழுதியிருக்கு?"

"தண்ணி வர்ற நேரம்டா. நடை."